நான்காவது எலுமிச்சம்பழம்

மேடம், வீட்டிலேயே பிரேக் பைப் வேலை செய்ய யாராவது பைப்பின் வாயை விரிக்கும் கருவி வாங்கப்போவதாகச் சொன்னால், மலிவானதை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மலிவான கருவியில் பைப்பைப் பிடிக்கும் இரும்புப் பட்டை வழுக்கும். வழுக்கினால் பைப்பின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு விரியும். வளைப்பதற்கும் கருவி வேண்டும், வெறும் கையால் வளைத்தால் பைப் நசுங்கிவிடும். எங்களுடையது நல்ல செட். உங்கள் போலீஸ்காரர்கள் பெட்டியோடு எடுத்துப் போனார்கள். உள்ளே ஓர் எண்ணெய்த் துணி இருக்கும். அதை எடுத்துவிட வேண்டாம், துருப்பிடித்துவிடும்.

நீங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதித் தருகிறேன் என்று தலையசைத்தேன். படிவம் மூன்று வகுப்பில் ஒருநாள் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். நின்றுகொண்டே இருந்தேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை.

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அப்பா லோரி ஓட்டுகிறவர், போர்ட் கிள்ளானில் சரக்கு ஏற்றினால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. அக்காதான் எனக்கு வாய். கிளினிக்கில் எங்கே வலிக்கிறது என்று அவள் சொல்வாள். மாமாக் டீக்கடையில் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இவளுக்கு தே ஓ, சீனி கொறச்சுப் போடுங்க அண்ணே" என்பாள். ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை. அக்காவின் பெயர் லோகேஸ்வரி. உங்கள் பைலில் இருக்கும்.

கார் வேலை நானாகப் பழகியது. அப்பாவின் பழைய கார் போர்ச்சில் கிடந்தது, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். காருக்கு அடியில் படுத்திருந்தால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்வாள் என்று நான் நினைத்ததில்லை. மாட்டாள் என்றும் நினைத்ததில்லை. அதை நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். பிரவின் அத்தான் நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகத்துக் கிடங்கில் வேலை. வீட்டுக்கு வந்தால் என்னிடம் கேள்வி கேட்காமல் பேசுவார், நான் பதில் சொல்ல வேண்டியிருக்காது. சுங்கை பூலோவில் வீடு எடுத்துவிட்டதாகச் சொன்ன அன்று, "தாமரை, ஒனக்கும் ஒரு ரூம் இருக்கு. என்ன கலர் பெயின்ட் வேணும்னு காட்டு" என்று போனை நீட்டினார். நான் காட்டவில்லை. அது அவருடைய வீட்டு அறை.

அவருடைய சாகா கார் வருடக்கணக்காக உப்புக்காற்றில் நின்றது. நான்தான் அடியில் படுத்துப் பார்த்து, பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்திருக்கிறது என்று காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அக்காவும் அதில்தானே ஏறுகிறாள். அத்தான் வர்க்‌ஷாப்புக்குப் போகிறேன் என்றார். "எங்க வீட்டுலயே ஃபோர்மேன் இருக்குறப்ப எதுக்கு வர்க்‌ஷாப்?" என்றாள் அக்கா.

கருவி வாங்க அவளும் வந்தாள். கிள்ளானில் ஒரு சீனர் கடை. கடை முதலாளியான தவுக்கே இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். நான் மலிவான பெட்டியின் பட்டையை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"பாஸ், என் தங்கச்சிக்கு நல்லதுதான் வேணும். உயிர் சமாச்சாரம்லா."

தவுக்கே எங்களோடே வளர்ந்தவர் மாதிரி தமிழ் பேசுவார். "அமோய், கார் யாருது?" என்று அக்காவிடம் கேட்டார்.

"எனக்கு வரப்போற மாப்ள காரு. எல்லாரும் கல்யாணத்துக்கு அப்புறம்தான் பிரேக் போடுவாங்க. நாங்க முன்னாடியே போடுறோம்."

தவுக்கே வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் பெட்டியை என் கையில் கொடுத்து, "நான் போனப்புறம் இத வச்சு தொழில் பண்ணு. யார்கிட்டயும் பேச வேணாம், காரே பேசிக்கும்" என்றாள். போனப்புறம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

துண்டுப் பைப்புகளில் நிறையப் பழகினேன். முதலில் நட்டை மாட்டாமல் வாயை விரித்துவிட்டு, பிறகு வெட்டி எறிந்தேன். வாய் விரிந்த பிறகு நட்டு உள்ளே நுழையாது. எல்லோரும் செய்கிற பிழைதான் அது. பிறகு கை பிடிபட்டது. வாய் வட்டமாக, பூவின் அடிப்பகுதி மாதிரி விரியும். அந்தக் காரில் நான் செய்த முனைகளைக் கழற்றிப் பாருங்கள், ஒன்றிலும் குறை இருக்காது. இடது பின்சக்கரத்துக்கு அருகில் உள்ளதைத் தவிர. அதை வேறு மாதிரி செய்தேன். எப்படி என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், இதை யார் யாரோ படிப்பார்கள். ஒன்றைச் சரியாகத் தவறாகச் செய்ய, முதலில் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணம் கேட்பீர்கள். எங்கள் ஆட்களுக்குச் சகுனம் முக்கியம். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை கார் வழியில் நின்றுபோனால், அவர் வீட்டுப் பெரியவர்கள் ஜாதகத்தைத் திரும்ப எடுப்பார்கள். தேதி தள்ளிப்போகும். தள்ளிப்போன கல்யாணம் நின்றும் போகலாம். அவ்வளவுதான் நினைத்தேன்.

வேலை முடிந்த கார் என்பதால் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் அக்கா. குருக்கள் கற்பூரம் காட்டினார். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்களை அக்காவே குனிந்து வைத்தாள். அத்தான் ஏறி, ஒருமுறை நன்றாக பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, மெதுவாகக் காரை முன்னால் நகர்த்தினார். பழங்கள் நசுங்கின. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அந்தப் பக்கம் மட்டும் ஏன் அவ்ளோ ஈரம்?" என்றார் அத்தான், இடது பக்கக் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்து.

"நாலாவது பழம் நல்ல சாறுலா. நல்ல சகுனம்" என்றாள் அக்கா.

எலுமிச்சைச் சாறு வெயிலில் காய்ந்துவிடும். அது காயவில்லை. சிமெண்டில் மெல்லப் பரவி, நசுங்கிய தோலைச் சுற்றிப் பளபளவென்று நின்றது. அங்கே இருந்தவர்களில் அது பிரேக் எண்ணெய் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அத்தான் தனியாக சுங்கை பூலோ போவதாகத்தான் ஏற்பாடு. பெயின்ட்காரருக்குச் சாவி கொடுக்க வேண்டும். அக்கா என்னோடு வீட்டுக்கு வருவதாக இருந்தது. திடீரென்று முன்கதவைத் திறந்து, "நானும் போயி பால் காய்ச்சுற எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன். நீ கிராப் டாக்சில போயிடு, என்ன?" என்றாள். என்னைத் தனியாக அனுப்பியதே இல்லை, மேடம். டிரைவர் ஏதாவது கேட்டால் நான் என்ன செய்வேன் என்று அவள் அன்று யோசிக்கவில்லை.

நான் நகராமல் நின்றதைப் பார்த்து, கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினாள்.

"என்னடா? ஏதாச்சும் சொல்லணுமா?"

என் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் பார்த்தவுடனே தெரிந்துகொள்கிறவள். அன்று அவளுக்குத் தெரியவில்லை. நான் இல்லை என்று தலையசைத்தேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஷா ஆலாம் தாண்டியதும் மழை, முன்னால் ஒரு கன்டெய்னர் லோரி. முன்பக்கத்து பிரேக் கொஞ்சம் பிடித்திருக்கும், ஆனால் அந்த ஈரத்தில் அது போதாது. கடைசி நொடியில் கார் திரும்பியதால் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கிப் போனது என்றார்கள். அக்கா அங்கேயே போய்விட்டாள். அத்தானுக்குக் கை ஒடிந்தது.

கார் வழியில் நிற்க வேண்டும் என்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டிருந்தாலே போதும். டயரில் ஓர் ஆணி போதும். இதை நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொண்டேன். அவர் தனியாகப் போவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நாளைப் பார்த்துத்தான் வேலையை முடித்தேன். நான் நினைத்தது சகுனம் இல்லை.

கோவிலில் அவள் ஏறியபோது ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பாளா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கார் வளைவைத் தாண்டிவிட்டது. கிராப் டிரைவர் எங்கே போகணும் என்று கேட்டார். நானே சொன்னேன். ஒரே தடவையில் வந்துவிட்டது.

இப்போது நான் இங்கே வந்தது மனசாட்சி உறுத்தியதால் என்று நேற்று நீங்கள் அப்பாவிடம் சொன்னீர்கள். அப்படி இல்லை. அத்தான் உங்களிடம் அந்தப் பைப்பைத் தானே செய்ததாகச் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான். மருத்துவமனையில் ஒடியாத கையால் என் தலையைத் தொட்டு, "நீ ஒண்ணும் செய்யல தாமரை. பழசு, எப்படியும் ஒடஞ்சிருக்கும். எல்லாம் நான்தான்" என்று அழுதார். அவருக்கு நட்டை முதலில் மாட்ட வேண்டும் என்பதுகூடத் தெரியாது, மேடம்.

அக்காவை என்னிடமிருந்து அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். இதையும் அவர் பெயரில் எழுதாதீர்கள். அவளோடு எனக்கென்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.