இனி எங்கிருந்தும் திறக்கலாம்

ராத்திரி பதினோரு மணி இருக்கும். பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்குப் போகிற சாலை... இரண்டு பக்கமும் பூட்டிய கட்டடங்கள். ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் வீடு திரும்பிவிட்ட நேரத்தில் ஒரே ஒரு ஸ்கூட்டர் மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது என் தோழியின் சித்தி.

மெழுகுவத்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். கரண்ட் வர நேரமாகும், அதுவரைக்கும் இந்தப் பேய்க்கதைதான்.

சித்திக்குக் கணினி மையத்தில் வேலை. ஃபைல் திறக்கவில்லை, பிரின்டர் முரண்டு பிடிக்கிறது என்று யார் போன் செய்தாலும் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் பழைய சர்வர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தார்கள். பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றியாக வேண்டும். அதுதான் கடைசி ராத்திரி. காலையில் லாரி வந்து பழைய பெட்டிகளை உடைப்பதற்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். மாற்றாமல் விட்டது போனதுதான்.

"கம்ப்யூட்டர்ல பேயா? பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு போன் பண்ணுமாக்கும்" என்றாள் சுவரோரம் சாய்ந்திருந்தவள்.

சிரித்துக்கொள்ளுங்கள்.

சித்தியின் மகளுக்கு வறட்டு இருமல். "நீ பக்கத்துல இருந்தாத்தான்மா தூங்குவேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுத்தான் சித்தி கிளம்பினாள். வழியெல்லாம் கையில் அந்தப் பிடி இருந்துகொண்டே இருந்தது. குற்ற உணர்ச்சி என்றும் சொல்ல முடியாது. அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

சர்வர் அறை குளிர்ந்து கிடந்தது. விசிறிகளின் இரைச்சல்... சூடேறிய தூசியின் வாடை. திரையில் எல்லாம் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு ஃபைலில் வந்து நின்றுவிட்டது.

யாரோ அதைத் திறந்து வைத்திருந்தார்கள்.

திறந்திருக்கிற ஃபைலை மாற்ற முடியாது. ஒரு பொத்தானை அழுத்தி வலுக்கட்டாயமாக மூடலாம். ஆனால் கடைசியாக எழுதியது அழிந்துவிடும். அதனால் திறந்தவரைக் கூப்பிட்டு, சேமித்துவிட்டு மூடச் சொல்வதுதான் அங்கே வழக்கம். சித்தி வாரம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பழைய சர்வரில் இருப்பதை வளாகத்துக்குள் இருந்துதான் திறக்க முடியும். புதியதற்கு அந்தக் கட்டு இல்லை. ஆகவே ஒவ்வொருவரிடமும் முடிவில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. "இனிமே இங்கதான் வரணும்னு இல்ல, எங்கிருந்து வேணாலும் திறக்கலாம்." சொல்லிச் சொல்லி அது நினைக்காமலே நாக்கில் வரும்.

திரையில் ஃபைல் திறந்திருக்கும் இடம் இருந்தது. மூன்றாவது மாடி, மூலை அறை. சித்தி அந்த அறை எண்ணுக்கு டயல் செய்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது... எடுத்தார்கள். ஹலோ இல்லை. வாய்க்குள் எதையோ உருட்டும் சத்தம் மட்டும். பல்லில் பட்டது... டிக். மறுபடி... டிக். இருமல் மிட்டாய்.

போனில் வாசனை வராது. ஆனால் கிராம்பு வாசனை வந்தது என்று சித்தி இன்றைக்கும் சொல்கிறாள்.

"ஹலோ, கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்து பேசறேன். சேவ் பண்ணிட்டு மூடிடறீங்களா?"

"இன்னும் ஒரு பக்கம்தான்... முடிச்சிடறேன்."

சித்திக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். எழுந்திரு, கிளம்பு, இடத்தைக் காலி செய் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பெண்ணின் குரல். தன் குரலையே தூரத்திலிருந்து கேட்பது போல இருந்ததாம். போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தாள். அந்தப் பக்கம் தட்டச்சு ஓடிக்கொண்டிருந்தது... வேகமில்லாமல், நிற்காமல்.

பிறகு அந்த வாக்கியம் தானாக வாயில் வந்தது. "இனிமே இங்கதான் வரணும்னு இல்ல மேடம், எங்கிருந்து வேணாலும் திறக்கலாம்."

தட்டச்சு நின்றது.

"எங்க போய் எழுதறது? எனக்குன்னு ஒரு இடம் இல்லையேம்மா."

சித்தி களைப்பில் சிரித்துவிட்டாள். "அப்போ எங்க வீட்டுக்கு வந்துடுங்க. பொண்ணு தூங்காம இருமிட்டுக் கிடக்கா. அவளுக்கும் ஒரு துணையாச்சு."

அந்தப் பக்கம் சிரிப்பில்லை. டிக்... "சரி" என்று மட்டும் வந்தது.

ஃபைல் மூடிக்கொண்டது. மிச்சமெல்லாம் மளமளவென்று மாறியது.

வேலை முடிகிற நேரத்தில் காவலாளி டீ கொண்டுவந்தார்.

"அண்ணே, மூணாவது மாடி மூலை ரூம்ல ஒருத்தங்க இருக்காங்க. கீழ வந்தா கேட்டைத் திறந்து விடுங்க."

நீட்டிய டம்ளர் அப்படியே நின்றது.

"அந்த ரூம்ல போனே இல்லையேம்மா. எல்லாத்தையும் எடுத்தாச்சு. ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தாங்க ஒரு அம்மா... எழுதிட்டே மேசையில தலை சாஞ்சவங்க எழுந்திரிக்கல. போன வருஷம். ராத்திரியில டைப் தட்டுற சத்தம் கேக்கும், நாங்க கண்டுக்கறதில்ல. நீங்க பயப்படாதீங்க. அந்த ரூமை விட்டு அது எங்கயும் போகாது."

சித்தி திரையைப் பார்த்தாள். அதே ஃபைல் புதிய சர்வரில் திறந்திருந்தது. அறை எண் இருக்க வேண்டிய இடத்தில்... 'வளாகத்துக்கு வெளியே'.

கணவருக்குப் போன் போட்டாள். இடி விழுந்தாலும் எழாத மனிதர். எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள். அதே சாலைதான்... ஆனால் தூரம் குறையவே இல்லை.

வீட்டில் பூட்டிய கதவு பூட்டியபடி இருந்தது. உள்ளே இருட்டு. கூடத்து மேசையில் அவள் மூடி வைத்துவிட்டுப் போன லேப்டாப்பைக் காணோம். கணவரின் குறட்டை கேட்டது.

இருமல் கேட்கவில்லை.

மகளின் அறைக்குள் போனாள். கட்டில் ஓரத்தில் லேப்டாப். திரை மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மகள் கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தாள்.

"இருமல் நின்னுடுச்சாடி?"

"ம்... நீதான் பக்கத்துலயே உக்காந்திருந்தியே. 'இன்னும் ஒரு பக்கம்தான், நீ தூங்கு'ன்னு சொல்லிட்டே இருந்தியே."

கத்தக்கூடத் தெம்பில்லை சித்திக்கு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த இடம் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்தது. கிராம்பு வாசனை...

"அப்புறம்?" என்றாள் சுவரோரம் இருந்தவள். இப்போது அவள் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் என்ன. மகள் தூக்கக் கலக்கத்தில் திரும்பிப் படுத்தாள். கன்னத்துக்குள் எதையோ ஒதுக்கினாள். அது பல்லில் பட்டது...

டிக்.