மறித்ததும் நிப்பாட்டியதும்

பெயர் கந்தையா சோதிலிங்கம். வயது 31. பிறந்த இடம் சுன்னாகம். தொழில் உதவி விரிவுரையாளர், மெய்யியல். வசிப்பது கலஹா கடைத்தெருவுக்கு மேலே, வாடகை வீட்டில். 1998.10.21, முற்பகல் 10.20க்கு, தமிழ் தெரிந்த சப் இன்ஸ்பெக்டர் மர்சூக் முன்னிலையில், யாரும் அழைக்காமல் நானாக வந்து சொல்வதாவது:

இம்மாதம் 12ஆம் திகதி நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சொல் பிழை. அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

என்னிடம் 1978ஆம் ஆண்டு ஜப்பான் கார் ஒன்று உண்டு. சிறியது, பின்கதவு மேலே திறப்பது. பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் மனைவி லீலாதேவியையும் அவருடன் படிப்பிக்கும் இருவரையும் ஏற்றிக்கொண்டு பேராதனைக்கு இறங்குவேன். ஆகஸ்ட் 3ஆம் திகதி காலை, இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டிலடியில் நின்ற நாலு பேர் ஓடிவந்து, உருண்டுகொண்டிருந்த காரைக் கையால் தாங்கிப் பிடித்துச் சில்லுக்குக் கல் வைத்தார்கள். அவர்களில் ஒருவர் அழகமுத்து. கலஹாவில் கராஜ் வைத்திருப்பவர். அதற்கு முன் எனக்கு அவரைத் தெரியாது.

அதன் பிறகு காரை அவரிடம் விட்டேன். முன்சில்லுகளின் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி, பிந்திய மொடல் ஒன்றின் டிஸ்க் பிரேக்கைப் பூட்டினார். பிரேக் குழாய்களை மாற்றினார். பின்பக்கச் சுருள்வில் இரண்டும் தளர்ந்து, ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்தது. நாலு பேர் ஏறினால் காரின் அடி தரையில் படும். ஆகவே சிறிய வேன் ஒன்றின் சுருள்வில்லைப் போட்டார். வெறும் கார் இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது. ஆள் ஏறினால் சரியாகும் என்றார். சரியாகியது.

காரைத் தந்த அன்று அவரே ஓட்டி, அதே கொட்டிலடியில் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. அதன் பிறகு அவர் சொன்னது: "இனிமே ஒங்கள யாரும் நிப்பாட்ட வேண்டியதில்லைங்க சேர். காரு அதுவா நிக்கும்." கொட்டிலில் இருந்த ஒருவர், "அப்ப எங்களுக்கு வேல போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இவ்வருடம் தை மாதம் கண்டியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, அந்தப் பக்கம் வரும் வாகனங்களின் பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்திருக்கிறதா என்று சோதனைச் சாவடியில் குனிந்து பார்ப்பார்கள். 12ஆம் திகதி குனிந்த சிப்பாய் உள்ளே நாலு பேரையும், தாழாத பின்பக்கத்தையும் கண்டார். காரில் பயிற்சிக் கொப்பிகளும் நாலு சோற்றுப் பார்சல்களும் இருந்தன. அதன் பிறகு என்னைப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். யார் உயர்த்தியது, என்ன சொல்லி உயர்த்தியது என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: "இனி உங்களை ஒருத்தரும் மறிக்கத் தேவையில்லை எண்டு சொன்னவர்."

கார் அதுவாக நிற்கும் என்ற மற்றப் பாதியை நான் சொல்லவில்லை. அது பகிடி. பொலிஸில் பகிடி சொல்வது பொருத்தமில்லை என்று நினைத்தேன். என் பேச்சு சிங்களத்தில் எழுதப்பட்டது. ஒப்பமிட்டேன். நாலு மணிக்கு என்னை விட்டார்கள். அன்று மாலை அழகமுத்துவைப் பிடித்தார்கள். சாவடியில் மறிக்காமல் போவதற்காக, பாரம் ஏற்றினாலும் தெரியாதபடி காரை மாற்றிக் கொடுத்தவர் என்பது அவர்மேலுள்ள சந்தேகம். இன்றுடன் ஒன்பது நாள்.

என் ஊரில் பிரேக் நிப்பாட்டும். சாவடிச் சென்றி மறிக்கும். 95இல் சுன்னாகத்தை விட்டு வெளிக்கிட்ட பிறகு என்னை மறித்த இடங்களை நான் எண்ணியதில்லை. மறிப்பது என்ற அந்தச் சொல் என் வாயில் இருந்தது. அழகமுத்துவின் வாயில் இருக்கவில்லை.

18ஆம் திகதி ஞாயிறு காலை அவருடைய மனைவி இரத்தினம்மா வீட்டுக்கு வந்தார். கழற்றிய பழைய சுருள்வில் இரண்டையும் உரச் சாக்கில் சுமந்து வந்திருந்தார். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. "அவரு சொன்னத நீங்கதானே சேர் கேட்டீங்க" என்றார். சாக்கை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவற்றை இன்று இங்கே இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். புதியதைவிட மூன்று விரல் கட்டை. அளந்து பார்க்கலாம்.

முதல் வாக்குமூலம் பொய்யென்று ஆனால் வழக்கு என்மேல் திரும்பும் என்று சப் இன்ஸ்பெக்டர் எனக்கு விளக்கினார். "ரெண்டும் ஒண்டுதானே சேர், விடுங்களேன்" என்றும் சொன்னார். ஒன்று இல்லை என்றேன். வழக்கு வந்தால் வரட்டுமா என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார். அழகமுத்து சொன்ன இடத்தில் "நிறுத்த" என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார். அதுவும் அவர் சொல் அல்ல என்றேன். வெட்டி, "நிப்பாட்ட" என்று நானே எழுதி, பக்கத்தில் சிற்றொப்பம் இட்டேன். இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும். இம்முறை கேட்டபடியே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) க. சோதிலிங்கம்