வெதுவெதுப்பான சத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

நம் பாட்டுக் குழுவின் ரிகர்சல் அறையில் அன்று நாம் ஆறு பேர் இருந்தோம். கதவை ஒட்டி, கீபோர்டுக்குப் பின்னால் மாஸ்டர். அவருக்கு வலப்பக்கம் டிரம்மர். ஜன்னலோர மர பெஞ்சில் நீ, மடியில் கைப்பையுடன். உனக்கு எதிரே, சுவரோரம் தரையில் சப்பணமிட்டு ரேடியோக்காரர், பக்கத்தில் அவருடைய ரிப்பேர் கருவிப்பை. உன் வீட்டுக்காரர் நடுவில் நின்றிருந்தார், தோளில் பேஸ் கிட்டார். நான் வயர்ப் பெட்டியின் மேல். நீதிமன்றத்தில் நீ சாட்சி சொன்னபோது ரேடியோக்காரரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்விட்டாய், என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாய். அந்த அறையில் எனக்கு நாற்காலி கிடையாது. இந்தப் பிழையைத் திருத்தத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்தபிறகு, மற்றதையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இடம், நாள், பொருள் என்று வரிசையாக எழுதத்தான் நம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நீ அதை என்றோ மறந்துவிட்டாய். உன் கடிதங்கள் நடுவில் தொடங்கி நடுவிலேயே நின்றுபோகும். நான் வரிசைப்படியே எழுதுகிறேன். பொருள்: ஆம்ப்ளிஃபையர் தேர்வும் அதன்பின் நடந்தவையும். காரணம்: வியாழக்கிழமை ரேடியோக்காரருக்குத் தீர்ப்பு. கவனக்குறைவால் ஓர் உயிர் போனதற்கு மூன்று வருஷமாவது கிடைக்கும் என்று அவருடைய வக்கீலே சொல்கிறாராம். அவர் மேல் குற்றமில்லை என்பது எனக்குத் தெரியும்.

பழைய பாட்டுகள் மட்டும் வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்றை மாஸ்டர் ஒத்துக்கொண்டிருந்தார். நம்மிடம் இருந்த பேஸ் ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் தகர டப்பாவில் தட்டுவதுபோல் ஆக்கிவிடும். "அந்தக் காலத்து ரெக்கார்டுல வருமே, வெதுவெதுன்னு, அது வேணும்," என்றார். மூன்று பெட்டிகள் வந்தன. ஒன்று புதியது, ஒரு கையால் தூக்கிவிடலாம். இன்னொன்று பத்து வருஷம் பழையது. மற்றது ரேடியோக்காரர் மூடிப்போன ஒரு நடன அரங்கிலிருந்து கொண்டுவந்த வால்வுப் பெட்டி. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

எந்தப் பொருள் வாங்கினாலும் போர்வைக்குப் பின்னால் வைத்துத்தான் கேட்பது என்பது மாஸ்டரின் சட்டம், உனக்கே தெரியும். விலையும் பேரும் காதை ஏமாற்றிவிடும் என்பார். அதனால் கயிற்றில் போர்வையைத் தொங்கவிட்டோம். உன் வீட்டுக்காரர் பின்னால் போய் வயரை மாற்றி மாற்றிச் சொருகி ஒரே வரியை வாசித்தார். மூன்று முறை வாசித்துவிட்டு, "நாலாவதா ஒண்ணு இருக்கு, அதையும் கேளுங்க," என்றார்.

கேட்டோம். பிறகு அவர் என்னைத்தான் கூப்பிட்டார். "மச்சான், உங்க காதுதான் காது. ஒண்ணுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணு வாசல்ல நிக்குது. நாலு உள்ள வந்து உக்காந்துருச்சு," என்றேன்.

அவர் போர்வையை இழுத்தார். பின்னால் மூன்று பெட்டிகள்தான் இருந்தன. "ஒண்ணும் நாலும் ஒரே பெட்டிதான் மச்சான். எங்கயும் போகலை, எங்கயிருந்தும் வரலை. வெச்ச எடத்துலயே இருக்கு."

"அண்ணே, காதை ஒரு தடவை கழட்டி சர்வீசுக்குக் குடுங்க," என்றான் டிரம்மர். "ரேடியோக்காரர் இங்கதான இருக்காரு."

மாஸ்டர் குனிந்து கீபோர்டைத் துடைத்தார், தோள் குலுங்கியது. நீ கைப்பையால் வாயை மூடிக்கொண்டாய். சிரிக்காதவர் ஒருவர்தான். "இல்ல சார், வால்வு சூடேற இருபது நிமிஷம் ஆகும்," என்றார் ரேடியோக்காரர். "மொத தடவை பச்சையா இருந்துச்சு. இப்பதான் பழுத்திருக்கு. அண்ணன் சொன்னது சரிதான்." சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவர் எனக்காகப் பரிந்து பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. என் காதுக்கு ஒரு மெக்கானிக் சாட்சி சொல்லவேண்டிய நிலை வந்ததே என்று இருந்தது.

எல்லோரும் அந்த வால்வுப் பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தோம். "மச்சான் அதுக்கு ரெண்டு ஓட்டுப் போட்டுட்டாரு, அப்புறம் என்ன," என்றார் உன் வீட்டுக்காரர். தேர்வில் நான் எந்தச் சூதும் செய்யவில்லை. மூன்றில் உண்மையாகவே நல்ல சத்தம் அதில்தான் இருந்தது. விரலை எடுத்தபிறகும் அந்தச் சத்தம் அறையை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கும். அதை நான் தேர்ந்தெடுத்த அன்று என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

நான் பத்தொன்பது வருஷம் அந்தக் குழுவில் பேஸ் வாசித்தேன். "அண்ணா, அவர் வீட்ல சும்மா உக்காந்து என்னைப் பிடுங்கித் திங்கிறாரு, ரெண்டு பாட்டு அவருக்கும் குடுங்களேன்," என்று நீதான் கேட்டாய். கொடுத்தேன். இரண்டு நான்காயிற்று. ஒருநாள் மாஸ்டர் என் தோளில் கைபோட்டு, "சாமானெல்லாம் பாத்துக்க நம்பிக்கையான ஆள் வேணும்," என்றார். அன்றிலிருந்து நான் வயர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரிசைக்காகச் சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வாசிப்பார். அவசரக்காரர். சபையில் யாருக்கும் அது தெரியாது. உட்கார்ந்து வயர் சுற்றுகிறவனுக்குத் தெரியும், ஒவ்வொரு பாட்டிலும், ஒவ்வொரு அடியிலும்.

பெட்டியை ஒப்படைக்கும்போது ரேடியோக்காரர் என்னை மட்டும் தனியே அழைத்தார். "அண்ணே, உள்ள ஒரு பழைய பார்ட் கசியுது. புதுசு சொல்லி வெச்சிருக்கேன், வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் எர்த் வயர் இருக்கிறதாலதான் இது பெட்டி. எர்த் இல்லன்னா இது எமன். ஒரு கைல கிட்டார் கம்பி, இன்னொரு பக்கம் மைக்குன்னு தொட்டா ஆளு அவ்வளவுதான்." சொன்னதோடு விடவில்லை. வெள்ளை டேப்பில் 'எர்த்தை எடுக்காதே' என்று கோணல் எழுத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுப் பெட்டியின் பின்புறம் ஒட்டினார். முறையான மனிதர்.

அடுத்த ரிகர்சலில் பெட்டி கொர்ரென்று இரைந்தது. அறையின் வயரிங் அப்படி. "மச்சான், நீங்க எடுத்த பெட்டி குறட்டை விடுது," என்றார் உன் வீட்டுக்காரர். "யாருகிட்ட வளர்ந்துச்சோ அவங்க பழக்கம்." டிரம்மர் ஒரு தட்டுத் தட்டினான், நகைச்சுவைக்குத் தட்டுவார்களே, அப்படி. "ஏதாவது பண்ணுங்க மச்சான், எனக்கு இந்த இரைச்சல் ஆகாது."

ஆக, கேட்டது அவர். எர்த்தை எடுத்தால் அந்த இரைச்சல் போய்விடும் என்பது மேடையில் சாமான் தூக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதிப் பேர் செய்வதும்கூட. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை, பிளக்கைத் திறந்து எர்த் வயரை எடுத்தேன். எப்போதுமே இணைக்கப்படாததுபோல் தெரியும்படி சுத்தமாக எடுத்தேன். அரைகுறை வேலை எனக்கு வராது. 'எர்த் இணைப்பு தொடக்கத்திலிருந்தே தரப்படவில்லை' என்று நிபுணர் சாட்சி சொன்னார் அல்லவா, அது என் கைவேலை. டேப்பையும் உரித்தேன். டேப் ஒன்று இருந்தது என்று கூண்டில் நின்று ரேடியோக்காரர் சொன்னபோது, அப்படி எதையும் பார்க்கவில்லை என்றேன். நீ எழுந்து அவரைக் கைகாட்டி, "பொய் சொல்றான், என் குடியைக் கெடுத்துட்டுப் பொய் சொல்றான்," என்று கத்தினாய். அந்த டேப்பை இத்துடன் ஒரு தாளில் ஒட்டி இணைத்திருக்கிறேன். தேதியும் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்.

இதுவரை எழுதியதை ஒரு தவறு என்று யாரும் சொல்லலாம். அதனால் அடுத்ததையும் எழுதவேண்டியிருக்கிறது. உன் வீட்டுக்காரர் மைக்கைக் கடித்துக்கொண்டுதான் பின்பாட்டுப் பாடுவார். எச்சில் படாமலிருக்க அதற்கு ஒரு பஞ்சு உறை போட்டிருப்போம். அது இருக்கும்வரை உதடு உலோகத்தில் படாது. வெள்ளிக்கிழமை அந்த உறையை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டேன். உண்மையில் அது அழுக்காகத்தான் இருந்தது. ஒரே நாளில் காய்ந்துவிட்டது. சனிக்கிழமை அரங்கத்துக்குக் கிளம்பும்போது அதைக் கொடியிலேயே விட்டுவிட்டேன்.

மாலை நான்கு மணி. அரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தாய். பெட்டியை இருபது நிமிஷம் முன்பே போட்டுச் சூடேற்றி வைத்திருந்தேன். இரைச்சல் சுத்தமாக இல்லை. உன் வீட்டுக்காரர் நான்கு சுரம் வாசித்துப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து, "மச்சான், இப்பதான் பெட்டி பேசுது. காது போனாலும் கை இருக்கு உங்களுக்கு," என்றார். அந்தக் குழுவில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அப்போதுகூட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் அது எவ்வளவு அழகாக இருக்க வேண்டுமோ அவ்வளவு அழகாக இல்லை.

அவர் மைக்கிடம் குனிந்தார். உதடு பட்டது. விரல்கள் கம்பிகளோடு இறுகிக்கொண்டன. பேஸ் சத்தம் நின்றுபோயிற்று. அவர் எப்போதும் ஏதாவது சேட்டை செய்வார் என்பதால் டிரம்மர் சிரித்தபடி தாளத்தை விடாமல் வாசித்தான். மாஸ்டர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஸ்விட்ச் போர்டு என் முழங்கைக்கு அருகில் இருந்தது. கையைத் தூக்கினால் போதும்.

நான் எண்ணினேன். பேஸ் வாசித்தவனுக்கு எண்ணாமல் நிற்க வராது. டிரம்ஸின் அடிக்கு அடி, ஒன்றிலிருந்து எட்டு வரை, அவசரப்படாமல், முன்னால் போகாமல் எண்ணினேன். பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து எட்டு. மாஸ்டர் நிமிர்ந்து கத்தியபிறகு ஸ்விட்சை அணைத்தேன்.

நீ ஓடிவந்தாய். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணா, நீங்க அணைக்கலைன்னா இன்னும் எத்தனை பேர் போயிருப்பாங்களோ," என்றாய். உன் கையை நான் விலக்கவில்லை. அந்த நேரத்தில் உனக்கு ஓர் ஆறுதல் தேவைப்பட்டது.

கோபத்தில் செய்தேன் என்று நீ நினைக்கலாம். கோபக்காரன் எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். பதவிக்காகச் செய்தேன் என்று டிரம்மர் சொல்வான். இரண்டு மாதமாக நான்தான் மறுபடி வாசிக்கிறேன் என்பது உண்மை. மாஸ்டரே வந்து கூப்பிட்டார், நான் கேட்கவில்லை. அந்தப் பெட்டி இப்போது நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு குழுவிடம் திருப்பிக் கொடுப்பார்களாம். கசிகிற பார்ட்டை மாற்றி, எர்த் கொடுத்துவிட்டால் அதில் ஒரு குறையும் இல்லை. அதை உடைக்கச் சொல்லி நீ மனு கொடுத்திருப்பதாக அறிகிறேன். தயவுசெய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள். ஜடப் பொருள் என்ன செய்தது.

இந்தக் கடிதத்தை நீதிபதியிடம் கொடுப்பதும் அடுப்பில் போடுவதும் உன் விருப்பம். ஒரு நிரபராதி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை, அதனால்தான் எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள். உன் மாமியார் வீட்டாருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: தபால் நிலையத்தில் நின்று இதை எழுதுகிறேன். நீதிமன்றத்தைத் தாண்டித்தான் வந்தேன். வாசற்படியில் ரேடியோக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "உள்ளயா அண்ணா வந்தீங்க?" என்று கேட்டார். இல்லை, தபால் போட வந்தேன் என்றேன். விரைவுத் தபாலில் போட்டால் நாளை மதியமே உன் கைக்கு வந்துவிடும் என்கிறார் கவுண்டரில் இருக்கும் பெண். ஆனால் அதற்குத் தனிப் படிவம், தனி வரிசை, எனக்கு முன்னால் நான்கு பேர். சாதாரணத் தபால் நீ இப்போது இருக்கும் மாமியார் ஊருக்கு எட்டு நாளிலிருந்து பத்து நாள் ஆகுமாம். இன்று செவ்வாய். மாலை ரிகர்சலுக்கு நேரத்தோடு போகவேண்டும். என்னால் ஆனதை நான் செய்துவிட்டேன் என்ற நிம்மதியோடு, இதோ மடித்து, உறையில் வைத்து, பசை தடவி ஒட்டி, சாதாரணத் தபால் பெட்டியில் போடுகிறேன்.