மாத்தளைக்குக் கொடுத்த மேசை

தலைமை நாற்காலியை நிறைத்து, அதன் இரு கைப்பிடிகளையும் இறுகப் பற்றி வீற்றிருக்கும் அகில தீவு பில்லியட்ஸ் சம்மேளனத்தின் தலைவர் பெருந்தகை அவர்களே! அவர் சிரித்தால் சிரித்து, அவர் இருமினால் தண்ணீர் நீட்டும் செயலாளர் ஐயா அவர்களே! கோட்டுக்குள் வியர்த்தாலும் கோட்டைக் கழற்றாத கொள்கைக் குன்றுகளாம் செயற்குழுவினரே! அலுவிகாரையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் பஸ் ஏறி வந்த பெரியோர்களே! சனிக்கிழமைச் சமையலைப் போட்டுவிட்டு வந்து, சோற்றுப் பார்சல் எப்போது வருமென்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ஸலாம், வணக்கம், ஆயுபோவன்! மூன்றில் எது உங்களுடையதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுங்கள்.

நான் உக்குவளை பதுர்தீன். ஒலிபெருக்கியும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, மேடை விடவில்லை. நன்றியுரை சொல்ல வேண்டியவர் வரவில்லை என்றதும், "பதுர்தீன், நீங்கதான் சும்மா நிக்கிறீங்களே, ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிடுங்க" என்றார் செயலாளர். சொல்கிறேன் ஐயா. சொல்லாமல் விடுவேனா?

சற்று முன் தலைவர் அவர்கள் சம்மேளனத்தின் வரலாற்றை உரைத்தார்கள். ஆகா, என்ன வரலாறு! துரைமார் கிளப்பில் பிறந்ததாம். துரை போனாராம், கோட்டு நின்றதாம், கோட்டுக்குள் நம்மவர் நுழைந்தாராம். முதல் தலைவர் யார், மூன்றாம் தலைவர் யார், எவர் ரிப்பன் வெட்டினார், எவர் எந்த நாட்டு மாநாட்டில் எந்த நாற்காலியில் அமர்ந்தார், அத்தனையும் வந்தது. வராதது ஒன்றுதான். பந்து! பந்தடித்தவர் பெயர் ஒன்று வந்ததா? தோற்றவர் பெயராவது வந்ததா? என்ன பஸ்லி நானா, தலையாட்டுகிறீர்களா, தூக்கமா? என்ன சொல்கிறார்? "தூங்கல்ல பதுரு, எம் பேரு வருமாண்டு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்கிறார். வராது நானா! டவுனில் கடை மாடியில் மேசை போட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கியவர் நீங்கள். பந்தைத் தொட்டவருக்கு அந்த வரலாற்றில் இடமில்லை.

ஒரு சங்கம் எதற்கு? ஆட்டம் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கச் சங்கம். தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கச் சங்கம். போட்டி வைக்க, நடுவரைப் பழக்க, நல்ல கை ஒன்றைக் கண்டால் கடல் தாண்டி அனுப்பி வைக்கச் சங்கம். இவர்களோ தலைவரைத் தெரிவு செய்யக் கூடினார்கள். தெரிவான தலைவருக்கு மாலை போடக் கூடினார்கள். மாலை வாடியதும், அடுத்த தலைவரைத் தெரிவு செய்யக் கூடினார்கள்!

மூன்றாம் வரிசையில், மடியில் நீண்ட பையோடு ஒரு பிள்ளை இருக்கிறாளே, பார்த்தீர்களா? பைக்குள் இருப்பது பில்லியட்ஸ் கோல். அவள் பெயர் தினுஷா. தோட்டத்து இராமசாமி அண்ணனின் மகள். பலாபத்வலை மருந்துக்கடையில் வேலை. வேலை முடிந்து பஸ்லி நானாவின் மாடியில் பழகியவள். இவள் வெள்ளைப் பந்தை அனுப்பினால், அது சிவப்பை முட்டி, மஞ்சளைத் தொட்டு, வந்த வேலை முடிந்தது என்று நின்றுவிடும். அடுத்த மாதம் கொழும்பில் தேசிய அணிக்குத் தெரிவு. பெயர் கொடுக்கச் செயலாளருக்குப் போன் எடுத்தாள். அவள் பக்கத்தில் நான், போன் ஸ்பீக்கரில்.

"எங்கம்மா பழகுனீங்க?"

"டவுன்ல, பஸ்லி நானா கடை மாடியிலங்க ஐயா."

"அது நாங்க அங்கீகரிச்ச மேசை இல்லையேம்மா. தெரிவுக்கு வரணும்னா சம்மேளனத்து மேசையில பழகியிருக்கணும். மாத்தளைக்குன்னே ஒரு மேசை குடுத்திருக்கோமே!"

"அது எங்கங்க ஐயா இருக்கு?"

"அது... மாத்தளையிலதாம்மா எங்கயாவது இருக்கும். தேடிப் பாருங்க."

எங்கேயாவது! பஸ்ஸில் மறந்துபோன குடையா ஐயா அது? கனத்த கல் பலகைகளாக லொறியில் வந்து, கொழும்பு ஆட்கள் மட்டம் பார்த்துப் பூட்டிய மேசை. அன்றும் மைக் என்னுடையதுதான். அன்றைய தலைவர் ரிப்பன் வெட்டினார். கோலை நீட்டி ஓர் அடி அடித்தார். பந்து அசையவில்லை, கைதட்டலோ கூரையைப் பிளந்தது! பிறகு தூசி விழும் என்று துணி போட்டு மூடினார்கள். மூடிப் பார்த்தால், அடடா, எவ்வளவு வசதியான மேசை! கல்யாணம் வந்தது, ஒரே தட்டில் கூடி உண்ணும் சஹன் சோறு வைத்தார்கள். தேர்தல் வந்தது, வாக்குப் பெட்டி வைத்தார்கள். ஊசி போட வந்தவர்கள் மருந்துப் பெட்டி வைத்தார்கள். பந்தைத் தவிர எல்லாவற்றையும் வைத்தார்கள்! அந்தக் கனத்தை நகர்த்த ஆளில்லை. ஆகவே, அது நின்ற பக்கத்தையே மேடையாக்கிவிட்டார்கள்.

ஐயா, செயலாளர் ஐயா! உங்கள் தேத்தண்ணிக் கோப்பை எதன் மேல் இருக்கிறது? துணியைத் தூக்கிக் குனிந்து பாருங்கள். வெட்கப்படாதீர்கள், மேசையின் காலைத்தான் பார்க்கச் சொல்கிறேன்! யானைக்கு இருப்பதுபோல் இல்லையா? காலையில் வயர் போட நான் அதற்கடியில் தவழ்ந்தேனே!

யாரது, மைக்கை நிறுத்தச் சொல்வது? மைக் என்னுடையது ஐயா. வயர் என்னுடையது. நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியும் என்னுடையது!

நான் சொல்லித்தான் தினுஷாவுக்கு மேசை இருக்கும் இடம் தெரிந்தது. மண்டபக்காரரிடம் சாவி கேட்டாள். "தலைவர் சொல்லணும் மகள். இல்லாட்டி கல்யாணத்துக்குத்தான் குடுப்போம்" என்றார். "அப்ப நான் கல்யாணம் கட்டிக்கிட்டுத்தான் பந்தடிக்கணுமா?" என்று கேட்டாள் இவள். சிரிக்கிறீர்கள் தாய்மார்களே, அவள் சிரிக்கவில்லை. இந்த மேசை கிடைக்காவிட்டால் அவளுக்குத் தெரிவு இல்லை. எதைக் கொண்டு இவளை மறிக்கிறீர்களோ, அதன் மேல்தான் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறீர்கள்!

தலைவர் பெருந்தகையே! மாலை கேட்கவில்லை, மாநாடு கேட்கவில்லை, உங்கள் கோட்டில் ஒரு பொத்தான்கூடக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கிறோம். கொடுத்ததைக் கொடுங்கள்!

எழுந்துவிட்டார்! இதோ, எழுந்துவிட்டார்! ஐயா, மைக்கில் சொல்லுங்கள், ஊருக்குக் கேட்கட்டும். "தெரிவு நாள் வரைக்கும் சாவி அந்தப் பிள்ளைகிட்டயே இருக்கட்டும்" என்கிறார்! செயலாளர் ஐயா, கோப்பையை நீங்களே எடுங்கள். பூச்சாடியை இறக்குங்கள். துணியை இழுங்கள். அம்மாடி, மேசையின் பச்சை விரிப்பெல்லாம் ஊறிய எண்ணெய்க் கறை, புரியாணி மஞ்சள்! பரவாயில்லை, கறையைச் சுற்றி அடிப்பாள். பஸ்லி நானா, சட்டைப்பையில் என்ன வீக்கம்? பந்துதானே? கொண்டுவாருங்கள். வா மகள், தினுஷா, முன்னால் வா.

இனி நான் சொல்ல வந்த நன்றி. தலைவர் ஐயா, உங்களுக்கு நன்றி! ஆட்டத்துக்காக ஒரு தலைவர் நாற்காலியை விட்டு எழுந்ததாக உங்கள் வரலாற்றில் நான் கேட்கவில்லை. அடுத்த உரையில் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்தவர்களுக்கு நன்றி. வராத பார்சலுக்காகப் பொறுத்திருந்த தாய்மார்களுக்குத் தனி நன்றி.

மைக்கை அணைக்கப் போகிறேன். யாரும் பேசாதீர்கள். பந்து பந்தைத் தொடும் சத்தம் மிகச் சிறியது; மேசை வந்த நாளிலிருந்து இந்த மண்டபம் அதைக் கேட்டதே இல்லை. ஸலாம், வணக்கம். அடி மகள்!