நூற்றெழுபது வோல்ட்

துவைத்த துணி காயாத ஊர் எங்கள் சித்திரபுரம், சார். ஐப்பசி வந்துவிட்டால் ஒரு பனியன் காய நாலு நாள் ஆகும். அதனால்தான் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் கம்பிச் சுருள் பழுத்து எரியும் ஒரு காயில் ஹீட்டர் இருக்கும். நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் நல்லமுத்து. முப்பத்தோரு வருடம் அந்த லயத்துக்குக் கரண்டு வேலை பார்த்தவன். சர்டிபிகேட் கிடையாது, கைப்பழக்கம்தான். மூன்று மாதத்துக்கு முன் பாண்டீஸ்வரனை எலக்ட்ரீஷியனாகப் போட்டார்கள். குமுளிக்காரன், ஐடிஐ படித்தவன், எங்கள் லயத்து ஆனந்தியைக் கட்டியவன். ஆனந்தி என் சிநேகிதன் சங்கையாவின் மகள். என்னைச் சித்தப்பா என்பாள். அந்த முறையில் பாண்டிக்கு நான் மாமா. மாமனுக்கு அவன் செய்த மரியாதையைக் கேளுங்கள்.

காலையில் வேலைக்குப் பேர் போடும் இடத்தில் அறுபது எழுபது பேர் நிற்கையில், மேனேஜர் முன்னால் கேட்டான்: "மாமா, ஒரு காயிலோட ரெசிஸ்டன்ஸ் எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

எரிகிற நிறத்தைப் பார்த்துச் சொல்வேன் என்றேன்.

"நெறம் பாக்குறதுக்கு அது என்ன பொண்ணா மாமா? வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். ரெண்டையும் பெருக்குனா பவர். ஸ்கூல் புள்ள சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். மறுநாளே என்னைக் கொழுந்து மூட்டை தூக்கப் போட்டார்கள். லயத்துப் பெண்களுக்கு நான் 'நெறம் பாக்குற மாமா' ஆகிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூணாறில் பழைய பத்தாம் வகுப்புப் புத்தகம் ஒன்று வாங்கி, ஐம்பத்தாறு வயதில் படித்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை சார், ஒரே வாரத்தில் பிடிபட்டது.

புத்தகத்தில் இல்லாத ஒன்றும் எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்காது. தேயிலை பேக்டரி ஓடும்போது நூற்றெழுபது. பேக்டரி நின்றால் இருநூற்று நாற்பதுக்கு ஏறும். சீசனில் ஞாயிறும் ஓடுவதால், வந்த நாளிலிருந்து பேக்டரி நின்று பாண்டி பார்த்ததே இல்லை. நானும் சொல்லவில்லை. கேட்காதவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த வியாழக்கிழமை ஆனந்தி ஹீட்டரைக் கொண்டுவந்தாள்; காயில் முறுக்க மட்டும் அவள் இன்னும் என்னிடம்தான் வருவாள். காயில் அறுந்திருந்தது. கருகிய துண்டை நறுக்கிவிட்டு மிச்சத்தை இழுத்து முறுக்குவதுதான் லயத்து வழக்கம். காயில் குட்டையானால் குறைந்த வோல்டேஜிலும் நன்றாகச் சுடும், எல்லோருக்கும் சந்தோஷம். நான் ஒரு சாண் கூடுதலாக நறுக்கினேன். அவள் வீட்டிலேயே கொண்டுபோய் மாட்டி, பியூஸ் பாதியில் போய்விடக் கூடாதே என்று அதில் ஓர் இழைக்குப் பதில் மூன்று இழைக் கம்பி போட்டேன். பிறகு பாண்டியைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, நீங்க படிச்சவங்க. ஒரு தடவ அளந்து பாத்துருங்க."

அவனுக்கு வாயெல்லாம் பல். மீட்டர் வைத்தான். நூற்றெழுபது வோல்ட், பத்து ஆம்பியர். பதினேழு ஓம், ஆயிரத்து எழுநூறு வாட். சாக்பீஸால் சுவரில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டான். "பழைய ஒயருதான், ஆனா ரெண்டாயிரம் வரைக்கும் தாங்கும் மாமா. பயப்படாதீங்க." கணக்கில் பிழையே இல்லை.

மிச்சக் கணக்கை நான் மனசுக்குள் போட்டேன். இருநூற்று நாற்பதைப் பதினேழால் வகுத்தால் பதினாலு ஆம்பியர். பெருக்கினால் மூவாயிரத்து நானூறு வாட் பக்கம், அப்படியே இரட்டிப்பு. அந்த ஒயர் துணி சுற்றியது, பலகை மச்சுக்கு மேலே ஓடுகிறது. ஞாயிறு ரோலர் பழுதுபார்க்க பேக்டரி நிறுத்தம் என்று போர்டில் ஒட்டியிருந்தார்கள். பாண்டி அன்று முழுக்க அங்கேதான் வேலையாக இருப்பான். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவன் உயிரோடு நிற்க வேண்டும், ஊர் அவனைக் காறித் துப்ப வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் இரண்டரைக்கு மச்சில் தீப்பிடித்தது. சாப்பிட்டதும் தாழ்ப்பாள் போட்டுப் படுப்பது சின்ன வயசிலிருந்தே ஆனந்தியின் பழக்கம், எனக்குத் தெரியும். கதவை உடைத்தவர்களில் நானும் ஒருவன். அவளை வெளியே தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

நேற்று ஒரு இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, இது யாராலும் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாத விபத்து என்று எழுதினாராம். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் பாண்டியைக்கூட விட்டுவிடப் போகிறீர்களாம். அதைக் கேட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். போட முடியும் சார். நான் போட்டேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனந்தி மேல் எனக்குக் கோபமே கிடையாது. நல்ல பெண். லயத்தில் பிறந்து வளர்ந்தவள், விவரம் தெரிந்தவள். சனிக்கிழமை சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள்.

"சித்தப்பா, நாளைக்கு பேக்டரிய நிப்பாட்டுறாங்களாமே. கரண்டு கூடி வருமில்ல, ஹீட்டர் போடலாமா? அவரு கணக்குப் போட்டுச் சரிதான்னுட்டாரு. ஆனா நீங்க சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"தாராளமாப் போட்டுக்கம்மா" என்றேன். "உம் புருஷன் கணக்கு தப்பாது."