தட்டினால் விட வேண்டும்

ஜூடோ உடையை வெந்நீரில் துவைக்கக் கூடாது, சுருங்கிவிடும். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்துவிட்டு, முழங்கை தெரிய வந்து நிற்பார்கள். கை நீளம் குறைந்தால் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எதிராளி பிடிப்பதற்குத் துணி வேண்டுமே.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா, அதனால்தான் துணியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிற வேலை. பகல் முழுக்கக் குனிந்தே கிடந்து உடம்பு பிடித்துக்கொள்கிறது என்று என் மனைவிதான் எங்கேயாவது பயிற்சிக்குப் போகச் சொன்னாள். போனேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூடப் பயமில்லாமல் நான் அந்த மெத்தையில் கால் வைத்ததில்லை.

பயிற்சிக்கு வாய்க்கிற ஆட்கள் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் தொல்லைதான். வங்கிக் காசாளர் ஒருவர் வருவார், வேர்வையில் குளித்துவிட்டு மொத்தமாக நம் மேல் சாய்வார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கையை விறைத்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி நிற்பார். விழவும் மாட்டார், வீசவும் மாட்டார், நேரம் முடிந்ததும் தான்தான் ஜெயித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். நாங்கள் கரடி என்று கூப்பிடுகிறவனைத்தான் என்னால் முடியவில்லை.

கரடி லாரி ஓட்டுகிறவன், வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவன். எங்கள் இருவருக்கும் எடை ஏறக்குறைய ஒன்றுதான். அவனுக்கு அது தோளில் இருந்தது, எனக்கு வயிற்றில். எடை ஒன்று என்பதற்காக மாஸ்டர் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார். அவன் என்னைத் தூக்கிப் போடுவான். போட்டவுடனே கை கொடுத்து எழுப்புவான். "வலிக்குதாண்ணே? எங்க வலிக்குது?" என்பான். ஒரு மனிதன் எதற்காக அப்படிக் கேட்க வேண்டும்? இடம் தெரிந்துகொள்ளத்தானே. நான் எப்போதும் வேறு இடத்தைக் காட்டிவிடுவேன்.

மழை பிடித்துக்கொண்டால் லாரியிலேயே என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவான். என் வீடு எங்கே என்று அவன் தெரிந்துகொண்டது அப்படித்தான். "தங்கமான புள்ள" என்பாள் என் மனைவி. அவள் வெகுளி.

ஒரு நாள் மாலை அவன் என் கழுத்துப்பட்டியைப் பிடித்து நெரித்தான். அது விளையாட்டில் உள்ளதுதான். மூச்சு முட்டினால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தரையில் தட்டலாம், அவன் மேல் தட்டலாம், கை மாட்டிக்கொண்டால் காலால்கூடத் தட்டலாம். தட்டினால் விட வேண்டும். இதில் பெரியவன் சின்னவன் கிடையாது, எங்களுக்கு இருக்கிற ஒரே சத்தியம் இதுதான். நான் தட்டினேன், அவனும் உடனே விட்டுவிட்டான். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிஷம்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. விடுவதும் விடாமல் இருப்பதும் அவன் இஷ்டம் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமில்லை.

என் கைவசம் ஒரே ஒரு வித்தை இருந்தது. சட்டென்று குனிந்து எதிராளியின் இரண்டு கால்களையும் வாரியெடுத்து மல்லாக்க வீசுவது. ஒரு காலத்தில் அதற்காகவே எனக்குக் கைதட்டுவார்கள். பிறகு எங்கேயோ உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள் கூடிப் பேசி விதியை மாற்றினார்கள். இடுப்புக்குக் கீழே கை போனால் எச்சரிக்கை என்றார்கள். அதுவும் போதாதென்று, கை போனாலே ஆட்டத்தை விட்டு வெளியே என்றார்கள். அதற்கப்புறம் சேர்ந்த பிள்ளைகளுக்குக் காலைக் காத்துக்கொள்ளவே தெரியாது. அந்த வீச்சில் எப்படி விழுவது என்றும் தெரியாது. அவர்களை யாரும் அப்படி வீசியதே இல்லையே.

இந்த வருடம் மறுபடியும் மாற்றினார்கள். எங்கள் சங்கத்துப் போட்டிகளில் மட்டும் இனி காலைப் பிடிக்கலாம். மாஸ்டர் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். "யாரும் அவசரப்படாதீங்க. முதல்ல எப்படி விழணும்னு கத்துக் குடுக்கறேன். அதுவரைக்கும் ஒருத்தர் காலை ஒருத்தர் தொடக் கூடாது."

பயிற்சி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கரடி என்னிடம் வந்தான். "அண்ணே, இதுல நீங்க பெரிய ஆளாமே. எனக்குக் கொஞ்சம் முன்னாடியே காட்டுங்களேன்."

அந்த 'முன்னாடியே' எனக்குப் பிடிக்கவில்லை. இருந்த ஒன்றையும் அவனிடம் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம்? மாஸ்டர் வெளியே தண்ணீர்க் குழாயை ரிப்பேர்க்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தார். சரி, வா என்றேன்.

பின்னால் விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைக்கும் முதல் நாள் சொல்கிற பாடம் அது. இந்த வீச்சில் அது இரண்டு மடங்கு முக்கியம். நான் அதைச் சொல்லவில்லை. "நல்லா நிமிர்ந்து விட்டத்தைப் பாரு" என்றேன். பார்த்தான், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. "மெதுவாப் போடுங்கண்ணே" என்று சிரித்தான்.

இத்தனை காலத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. அவன் கழுத்துதான் முதலில் கீழே பட்டது. நான் மேலே விழுந்து அமுக்கிப் பிடித்தேன், வீசியவன் அப்படித்தான் செய்ய வேண்டும். ஜெயிப்பதற்குப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தையும் இப்போது குறைத்துவிட்டார்கள். நான் பழைய ஆள், பழைய கணக்குக்குத்தான் பிடித்தேன்.

அவன் என் முதுகில் தட்டினான். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. தட்டியது தெரியவே இல்லை என்று மாஸ்டரிடம் சொன்னேன், அது பொய். நன்றாகத் தெரிந்தது. விட்டால் எழுந்துவிடுவானே என்று பயந்தேன். அவன் தலையை இன்னும் கொஞ்சம் என் பக்கமாக வளைத்து இறுக்கினேன். தட்டுவது மெலிந்தது. பிறகு விரல் மட்டும் துணியைச் சுரண்டியது, அப்புறம் அதுவும் நின்றது. பழைய கணக்கு இன்னும் முடியவில்லை என்பதால் அது முடிகிறவரை பிடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆட்டம் முடிந்தால் இருவரும் எதிரெதிரே நின்று குனிந்து வணங்க வேண்டும். நான் வணங்கினேன். அவனால் முடியவில்லை. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் தடவை தட்டியபோதே அசைக்காமல் விட்டிருந்தால் கைகளாவது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம், அவர் படித்தவர். எல்லோரும் இதை விபத்து என்றுதான் நினைக்கிறார்கள். இன்றைக்கு மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து, கரடி பேசுகிறான் என்றார். "அண்ணன் மேல தப்பில்ல, நான்தான் காட்டச் சொன்னேன்" என்றானாம். அழக்கூட இல்லையாம்.

அதைக் கேட்டதும்தான் ஐயா, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நேரே இங்கே ஸ்டேஷனுக்கு ஓடிவந்தேன். ஒருவன் இவ்வளவு சுலபமாக மன்னிக்கிறான் என்றால் மனதுக்குள் என்னவோ வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்கிறார்கள். டாக்டர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியுமா? என் வீட்டு வழி வேறு அவனுக்குத் தெரியும்.

எந்தக் காகிதத்தை வேண்டுமானாலும் நீட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். என்னை உள்ளே வைத்து வெளிப்பக்கம் பூட்டிவிடுங்கள். அவன் வந்து கேட்டால் மட்டும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.