செதிலாக வந்த பவுடர்

...மெஷின்ல கைய வைக்காதீங்க தம்பி. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறெல்லாம் அந்தச் சல்லடை ரூம்ல. அங்க சலிக்கிறது என் வீட்டுக்காரிதான். அதுக்காக நான் பூசி மெழுகணுமா?

நீங்க மெக்கானிக்கு, உங்களுக்குத் தெரியாததா... இருந்தாலும் சொல்றேன். உருகுன ஈயத்தச் சுத்துற தட்டு மேல ஒழுக விடுறோமா, தட்டு ஓரத்துலருந்து துளித்துளியாப் பிச்சு எறியுது. பறக்கும்போதே அது உருண்டு, ஆறி, சுத்தி இருக்குற தொட்டிச் சுவருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கடுகு மாதிரி இறுகிடணும். அவ்ளோதான் வித்த. இத எங்க முதலாளி படம் போட்டு, அம்புக்குறி போட்டு அரைநாள் விளக்குறாரு. வீட்டுல பால் பொங்குனா அடுப்ப அணைக்கத் தெரியாத மனுஷன்!

போன மாசத்துலருந்து பவுடர்ல சப்பசப்பையா செதில் வருது. வாங்குறவன் மூட்டைய அப்படியே திருப்பிட்டான். நான் சொல்லிட்டேன், உருண்டையா வந்தத அவதான் சலிக்கிறேன்னு போட்டு நசுக்குறான்னு. முதலாளி நம்பிட்டாரு. இன்னிக்கும் செதில் வந்தா அவளுக்கு வேலை கெடையாதுன்னுட்டாரு. அதுலருந்து வீட்டுல எங்கிட்ட பேச்சில்ல. டம்ளர டொக்குனு வைக்கிறதுலயே திட்டுறா. கஷ்டமாத்தான் இருக்கு... ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

அவ என்னமோ, துளி இறுகுறதுக்கு முன்னாடியே எதுலயோ மோதுதுங்கிறா. எதுல மோதும்? சுவரு எவ்ளோ தூரத்துல இருக்கு! மேதாவி. இவ்ளோ பெரிய தொட்டியக் கட்டி வச்ச புண்ணியவான், சுவருல அப்புன பொடிய உள்ள எறங்கிச் சுரண்டுற என் இடுப்பப் பத்தி நெனச்சானா? காதுல பொடி, மூக்குல பொடி...

தொட்டிக் கதவத் திறக்குறீங்களா? திறங்க, எனக்கென்ன பயம். பாத்து, அந்தத் தகரத்துல இடிச்சுக்காதீங்க.

எந்தத் தகரமா? நான்தான் வளைச்சு நிறுத்தினேன், தட்டுலருந்து ஒரு மொழம் தள்ளி. பொடி சுவரு வரைக்கும் போய் அப்பாம இதோட நின்னுடும். எடுத்து ஒதறுனா வேலை முடிஞ்சுது. இந்த மூளை இங்க எவனுக்கு இருக்கு? போன மாசத்துலருந்து நான் உள்ள எறங்கவே இல்ல.

ஏன் அப்படிப் பாக்குறீங்க... அது என்ன, தகரம் பூரா சப்பையா ஒட்டிக்கிட்டு...

தம்பி. அத ஏன் வெளிய எடுக்குறீங்க? எங்க தூக்கிட்டுப் போறீங்க? முதலாளி ரூம் இந்தப் பக்கம். அது சல்லடை ரூமு... தம்பி, நில்லுங்க. முதலாளிகிட்ட வேணா காட்டுங்க. அவகிட்ட வேணாம்.